சித்தப்பா, அந்த இன்னொரு டிஸ்க்கை வாங்கிவிடுங்கள்

அன்புள்ள சித்தப்பா,

"முக்கியமான ஃபைல் எல்லாம் பென் டிரைவில் இருக்கு, ஹார்ட் டிஸ்க் போனால் போகட்டும்" என்று நேற்று சொன்னீர்கள். ஃபைல் இருக்கும், சரி. விண்டோஸ், கணக்கு மென்பொருள், பிரிண்டர் டிரைவர், நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த தமிழ் விசைப்பலகை? எல்லாம் முதலிலிருந்து. குளோன் எடுத்தால், கம்ப்யூட்டரை பூட் செய்யும், அதாவது துவக்கும் பகுதி உட்பட முழு டிஸ்க்கும் அப்படியே இன்னொன்றில் நகலாகிவிடும். பழையது செத்தால் புதியதை மாட்டி ஆன் செய்துகொள்ளலாம்.

குளோன் எடுக்கும் மென்பொருளான குளோன்ஜில்லா இலவசம், பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும். ஒன்று மட்டும்: புது டிஸ்க் பழையதன் அளவுக்காவது இருக்கட்டும். பழையதில் பாதி காலியாக இருந்தாலும், சின்ன டிஸ்க்கைச் சாதாரணமாக அது ஏற்காது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. எது மூலம், எது நகல் என்று கேட்கும்போது திரையில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்றுதான் பெயர் வரும். ஒருமுறை நான் ஒரே கம்பெனி, ஒரே அளவு டிஸ்க் இரண்டை மாட்டிவிட்டு, அவசரத்தில் காலி டிஸ்க்கை மூலமாகத் தேர்ந்தெடுத்தேன். "நிச்சயமா?" என்று அது கேட்டது. நானும் ஆமாம் என்றேன், இரண்டு தடவை! காலி டிஸ்க் மற்றதன்மேல் நகலாகி, அதிலிருந்த படங்கள் எல்லாம் போயின. அன்றிலிருந்து சீரியல் நம்பரைத் தாளில் எழுதிவைத்து, திரையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்டர் தட்டுவதில்லை.

டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தால் குளோன்ஜில்லா வேண்டாம். டிடிரெஸ்க்யூ என்று பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அது நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று குறித்தும் வைத்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் தொடரலாம்.

முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழையதைக் கழற்றி, நகலை மட்டும் வைத்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவிடும். அப்புறம் நகல் அலமாரிக்குள் போகட்டும். மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பென் டிரைவையும் தூக்கிப் போடாதீர்கள், குளோனுக்குப் பிறகு எழுதுவதெல்லாம் அதில்தான் இருக்கும்.

டிஸ்க் வந்ததும் இரண்டு சீரியல் நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நான் லைனில் இருக்கும்போது எண்டர் தட்டலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்