மரம் நடாத ஜூன் 5

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடற்கரை மணல்மேடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் ஊட்டிக்காரி, கடலுக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனாலும் ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் பிடித்து வைத்திருந்த மணலில், 2004 சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்ட கதை எங்கள் மலையின் கதையேதான்.

இங்கே சவுக்குக்குப் பதில் சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் மலை மலையாக நட்டோம். நட்ட இடமெல்லாம் பெரும்பாலும் புல்வெளி. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், அதுதான் நீலகிரியின் இயல்பு. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையைக் கசியவிடுவது அந்தப் புல்லும், அடியிலிருக்கும் கறுப்பு மண்ணும், சதுப்பும். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதும் சதுப்போரப் புல்லால்தான். மரம் இல்லாத இடம் என்றால் தரிசு என்று ஏட்டில் எழுதிவிடுகிறோம்.

முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்திய நானே இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்றும் சில்வர் ஓக் கன்றுகள் வந்து இறங்கும். குழி தோண்டுவோம், போட்டோ எடுப்போம், மிட்டாய் கொடுப்போம். நாங்கள் தோண்டியது நல்ல புல்வெளியை என்று உறைத்தது ஓய்வுபெற்ற பிறகுதான். பாதிக் கன்றுகளை மாடு தின்றுவிட்டது, அதுவரைக்கும் புண்ணியம்.

இந்தப் புல்லை மேய்ந்து வாழும் வரையாடு நம் மாநில விலங்கு. அதற்கென்று 2022-ல் அரசு தனித் திட்டமே அறிவித்தது; அக்டோபர் 7 வரையாடு தினம். ஒரு வருடம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை வரையச் சொன்னேன். எல்லாப் படத்திலும் ஆடு பாறைமேல் கம்பீரமாக நின்றது. காலடியில் புல் போட்டிருந்தது ஒரே ஒரு பெண்தான்.

அப்புறம்தான் மழை விட்ட சனிக்கிழமைகளில் ஊருக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். (காப்புக்காட்டுக்குள் இல்லை. அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் களைச்செடியைக்கூடத் தொடக் கூடாது.) சீகைக் கன்று பார்க்க அழகு, தொட்டாச்சிணுங்கி மாதிரிப் பொடி இலை. மண் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். வெட்டினால் பிரயோசனமில்லை, தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். விதையும் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் காத்திருந்து, தீப்பட்டதும் மொத்தமாக முளைக்கும். அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறோம். பிடுங்கிய இடத்தில், பக்கத்துப் புல்குத்தைத் தூர் பிரித்து நடுகிறோம்.

முதல் நாள் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மரத்தைப் பிடுங்கினால் பாவம்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" சொன்னது நான்தான். அவனுக்குப் பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று, பாதிதான் ஒத்துக்கொண்டான்.

இன்னொரு நாள் ஒரு சின்னவள் சீகையோடு சேர்த்துக் குறிஞ்சிச் செடியையும் பிடுங்கிவிட்டாள். 2018-ல் பூத்ததன் விதையில் முளைத்ததாக இருக்கும், 2030-ல் பூக்க வேண்டியது. அழுதாள். அதே குழியில் திரும்ப நட்டு, கல் அடையாளம் வைத்தோம். போன வாரம் போய்ப் பார்த்தேன், பிழைத்திருக்கிறது.

தப்பு அவள்மேல் இல்லை. எது சீகைக் கன்று, எது குறிஞ்சிக் கன்று என்று காட்ட என்னிடம் ஒரு நல்ல படம் இல்லை. அடுத்த ஜூன் இதழில் இரண்டையும் அருகருகே ஒரு முழுப்பக்கத்தில் அச்சிட்டால், வெட்டியெடுத்துப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிடுவேன். வண்ணத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
உதகமண்டலம்