செனட் ஹவுஸ் நடை: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

மெட்ராஸ் நாளையொட்டி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபமான செனட் ஹவுஸைச் சுற்றிப் பார்க்க நாங்கள் ஏற்பாடு செய்த நடை நல்லபடியாக நடந்து முடிந்தது. திருவல்லிக்கேணிப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் வந்திருந்தார்கள். அதில் எங்களுக்கு ரொம்பவே சந்தோஷம்.

முதல் நன்றி, மண்டபத்தைத் திறந்துவிட அனுமதி தந்த பல்கலைக்கழக அலுவலர்களுக்கு. கடற்கரைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து கோபுரங்களைப் பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை என்றுதான் பெரியவர்களே சொன்னார்கள். காவலர் ஐயா எங்களுக்கு முன்பே வந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெயில் தரையில் விழும் நேரத்தையும் அவர்தான் சொன்னார். எந்தப் புத்தகத்தில் அது இருக்கும்?

பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஐயா, கால்வலியோடு வந்து கதை சொன்னார். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேலை, ஆரம்பத்தில் தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் நடத்துவது கல்லூரிகள். அதனால் வகுப்பறைகளைவிடப் பெரிய கூடம் ஒன்றுதான் தேவைப்பட்டது. “அப்போ இங்கே கிளாஸே கிடையாதா, ஜாலி!” என்றாள் ஒரு சிறுமி. “பரீட்சை மட்டும் உண்டும்மா” என்றார் பேராசிரியர். முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை பட்டம் வாங்கியபோது இந்தக் கட்டடமே கிடையாது. 1874-இல் வேலை தொடங்கி, 1879-இல்தான் முடிந்தது.

கட்டியவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். அவரே வடிவமைத்த மாநிலக் கல்லூரி, அதே கடற்கரைச் சாலையில், இத்தாலியச் சாயலில் நிற்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் வரைந்தார் என்றால் நம்பவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. அதில் வேலை செய்தபோது பார்த்த வளைவுகளும் குவிமாடங்களும் அவர் கையை மாற்றிவிட்டன என்பது என் கணிப்பு. செனட் ஹவுஸில் பைசாண்டிய (கிழக்கு ரோமானிய)ச் சாயலும் இருக்கிறது, இஸ்லாமியச் சாயலும் இருக்கிறது. சுத்தபத்தமான ஒரே பாணியைத் தேடுகிறவர்களுக்கு எரிச்சல் வரலாம். எனக்கு அந்தக் கலப்புதான் பிடிக்கும்.

அப்புறம், எங்கள் கொத்தனார் அண்ணன். கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கொண்டுவந்து, பழைய கட்டடங்களுக்குக் கலவை போடும் விதத்தைக் குழைத்தே காட்டினார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் மூச்சு முட்டிவிடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லே உப்புப் பூத்து உதிரும் என்று அவர் சொன்னபோது, பிள்ளைகள் விரலில் கலவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி இந்தக் கட்டடத்தைப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். அந்த மாதிரி வேலைக்கு இவரைப் போன்ற கைகள் இன்னும் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறதோ!

1937-இல் சென்னை மாகாண சட்டசபை கூடியதும் இந்தக் கூடத்தில்தான். அதைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை, அடுத்த நடையில் பார்த்துக்கொள்ளலாம்.

மோர் கொடுத்த வாலாஜா சாலைக் கடைக்காரருக்கும், பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை கடக்க வைத்த டீச்சர்களுக்கும் நன்றி. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய பட்டமளிப்புப் படங்கள் இருந்தால் சொல்லுங்கள். நாங்களே வந்து பிரதி எடுத்துக்கொண்டு, படத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறோம்.