ஆரையம்பதியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கடந்த மாசியில் ஒரு காலை, பள்ளிச் சீருடை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. "என்னகா, கதை குழறுது" என்று கேட்டபடியே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்த பக்கத்து வீட்டு மச்சாளுக்குத்தான் முதல் நன்றி. தண்ணி பருக்க வந்தவர்களை, புரைக்கேறிவிடும் என்று தடுத்ததும் அவதான். 'சுவசெரிய' வண்டியில் வந்த பிள்ளைகள் பிறசர் பார்த்தபோது 210/120. சுகமாத்தானே இருக்கிறேன் என்று மூன்று மாதமாகக் குளிசையை விட்டிருந்தேன். பிழை என்னுடையது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்து, மூளையின் இடப்பக்க ஆழத்தில், தலாமஸ் என்ற இடத்தில் இரத்தக்கசிவு என்றார்கள். இரவு பகலாகப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வார்ட்டைக் கூட்ட வரும்போதெல்லாம் "இண்டைக்கு முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிப்போன அம்மாவுக்கும் நன்றி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. கைக்குப் பலம் வந்துவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் வலக்கை எங்கே கிடக்கிறதென்று தெரியாது. தேத்தண்ணிக் கோப்பைக்கு நீட்டினால், அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டும். ஒருநாள் இரவு, போர்வைக்குள் ஆரோ ஒருத்தரின் கை கிடக்குதென்று கத்தியே விட்டேன். "கை நல்லாத்தானே இருக்கு, நடிக்கிறா" என்றவர்களும் உண்டு. அவர்களை விடுவோம்.

எனக்கே அதை விளங்கப்படுத்தியது இயன்மருத்துவப் பிரிவிலிருந்த தங்கச்சி. உடம்பின் உணர்வுச் செய்திகள் மூளையின் மேற்பகுதிக்குப் போகிற சந்திதான் அந்தத் தலாமஸாம். "சந்தி பழுதெண்டா, கண்ணால பார்த்துத்தான் கையை ஓட்டணும் அக்கா." ஃபிரெங்கல் என்ற வைத்தியர் கண்ட பயிற்சி, 100 வருடத்துக்கும் மேல் பழையது: மெதுவாக, எண்ணி எண்ணி, பார்த்தபடி செய்ய வேண்டும். வீட்டுத் தரையில் மகன் காலடி கீறித்தந்தான், என் தையல் சோக்காலேயே. அதன்மேல் கால்வைத்து நடந்தேன்.

தைக்கத் தந்த துணிகளைத் திருப்பிக் கேட்காமல் ஐந்து மாதம் பொறுத்தவர்களுக்கும் நன்றி. கிளினிக்குக்கு ஓட்டோவில் ஏற்றிப்போன காத்தான்குடித் தம்பி கடைசிவரை காசு வாங்கவில்லை. "பெருநாளைக்கு மகளுக்கு ஒரு சட்டை தைச்சுத் தாங்க, கணக்குச் சரி" என்றார்.

அந்தச் சட்டை இப்போது மெசினில் இருக்கிறது. ஊசியில் நூல் கோர்ப்பது மருமகள். மிதிப்பது நான், காலைக் குனிந்து பார்த்துப் பார்த்து. இடப்பக்கக் கை வைத்துத் தைத்தாயிற்று. வலக்கை கொஞ்சம் சுணங்கும், தம்பி பொறுத்துக்கொள்ள வேணும்.

அன்புடன்,
தையல் அக்கா