‘லீஃப்’ என்றொரு பழஞ்சொல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ இருக்கும் இங்கிலாந்து ஊரான எக்ஸெட்டரின் பேராலயத்துக்குப் பழைய ஆங்கிலக் கவிதைச் சுவடியைக் கொடுத்துவிட்டு 1072இல் மறைந்த ஆயர் லியோஃப்ரிக்கின் பெயரில், முற்பாதியாக நிற்பது ‘லேயோஃப்’ என்ற பெயரடை. ‘அன்புக்குரிய’ என்று பொருள். பின்னாளில் ‘லீஃப்’ என்றாகி வழக்கொழிந்த அச்சொல்லுக்கு ஜெர்மன் மொழியின் ‘லீப்’ உடன்பிறப்பு. ‘லவ்’, ‘பிலீஃப்’ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபான்ட்ஹில் என்ற ஊரின் நிலத் தகராறு பற்றி மன்னர் எட்வர்டுக்குப் போன கடிதம்கூட ‘லேயோஃப்’ என்று விளித்தே தொடங்குகிறது. வழக்கைப் பற்றி எழுதியவருக்கே அப்படி ஒரு தொடக்கம் தேவைப்பட்டிருக்கிறது. நீயோ, உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு ‘உங்கள் இஷ்டம்’ என்ற இரண்டு சொற்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறாய்.

அச்சொல் தேய்ந்த விதம்தான் என் மனத்தை உறுத்துகிறது. அன்பைச் சொல்லிக்கொண்டிருந்தது விருப்பத்தைச் சொல்லத் தொடங்கி, கடைசியில் ‘இதுவும் சரி, அதுவும் சரி’ என்று சொல்வதற்கான ‘ஹேட் அஸ் லீஃப்’ என்ற ஒரு தொடருக்குள் மட்டும் ஒடுங்கிவிட்டது. நடிகர்கள் தன் வசனத்தைக் கத்தித் தீர்ப்பதானால் அதைத் தண்டோராக்காரனே பேசிவிட்டுப் போகட்டும் என்கிற ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், அலுப்போடு அந்தத் தொடரைத்தான் எடுக்கிறான். பள்ளியில் போட்ட ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் நீ கேசியஸாக நின்று, ‘லீஃப்’பையும் ‘லிவ்’வையும் ஒரே மூச்சில் பிசகாமல் உச்சரித்து, தன்னைப் போன்ற ஒருவனுக்கு அஞ்சி வாழ்வதும் வாழாதிருப்பதும் ஒன்றே என்று முழங்கியபோது தலைமையாசிரியரே எழுந்து கைதட்டினார். அவ்வளவு தெளிவாகப் பேசிய பிள்ளை நீ. ‘முழுநீள’ என்று பொருள்படும் ‘லிவ்லாங்’ என்ற சொல்லின் முற்பாதியும் வாழ்வைக் குறிப்பதன்று, இதே ‘லீஃப்’தான் என்று அன்று உனக்குச் சொன்னேனா என்பது நினைவில்லை.

ஆடி முடியட்டும் என்று பெண் வீட்டாரிடம் அப்பா தவணை கேட்டிருக்கிறார். சங்கரன்கோவில் சித்திக்கு உன் பதிலே போதுமாம், எனக்குப் போதவில்லை. வேளைக்குச் சாப்பிடு. சம்மதம் வேறு, விருப்பம் வேறு என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றாலும் நான்கு வரி எழுது; அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா