திரும்பி வரும் ஆறு நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மறுபயன்பாட்டு ராக்கெட் பற்றிய செய்திகள் பெரும்பாலும் செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையை அடைந்ததோடு முடிந்துவிடுகின்றன. ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் நிலை திரும்பி வரும் ஆறு நிமிடங்களையும் விரிவாக எழுதுங்கள். உண்மையான வித்தை அங்கேதான் இருக்கிறது.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். கிளம்பிய சுமார் இரண்டரை நிமிடத்தில் ஒன்பது எஞ்சின்களும் அணைந்து முதல் நிலை கழன்றுவிடும். மேல் நிலை செயற்கைக்கோள்களோடு போய்க்கொண்டிருக்க, இது நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. அடர்ந்த காற்றில் நுழையும்போது மூன்று எஞ்சின்கள் எரிந்து வேகத்தைக் குறைக்கும். பிறகு சல்லடை போன்ற நான்கு துடுப்புகள் திசையைப் பிடிக்கும். கடைசியில் பெரும்பாலும் ஒரே எஞ்சின்தான். எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதால் ராக்கெட் அப்போது மிக இலேசு. அந்த ஒற்றை எஞ்சினின் குறைந்தபட்ச உந்துவிசையே அதை மறுபடி மேலே தூக்கிவிடும். அந்தரத்தில் நின்று நிதானிக்க வழியே கிடையாது! வேகம் பூஜ்யமாகும் கணமும் தரை தொடும் கணமும் ஒன்றாக வேண்டும்.

சின்னப் பிசகு போதும். 2015 ஜனவரியில் துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்துபோய், ஒரு முதல் நிலை கடலில் நின்ற மேடையில் மோதியது. அடுத்த ஜனவரியில் இன்னொன்று மெதுவாக இறங்கியும், அதைத் தாங்கி நிறுத்தும் கால்களில் ஒன்று பூட்டிக்கொள்ளாததால் சாய்ந்து வெடித்தது.

தரையில் இறங்குவதைத் தொலைவிலிருந்து நேரில் பார்ப்போருக்கு ஒரு சொல்: ராக்கெட் இறங்கி நின்ற பிறகும் வெடிச் சத்தம் வந்து சேரலாம். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்ததன் அதிர்வு அது; விபத்து என்று பதற வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்