குழியும் தவாளிப்பும்: குருதி வங்கியில் பயிலும் மருமகளுக்கு

உப்புவெளி, திருகோணமலை

அன்பின் மருமகளுக்கு,

ஏ வகைக்கு எதிரான பிறபொருளெதிரி (அந்நியப் பொருளைப் பிடிக்கும் புரதம்) கொண்ட நீல நிற அன்ரி-ஏ துளியில் ஏ வகைக் குருதியைக் கலந்தால் செங்குழியங்கள் மணல்மணலாகத் திரள்வதையும், பி வகைக் குருதி அதே துளியில் திரளாமல் சீராகவே கிடப்பதையும் நீ இப்போது நாள்தோறும் பார்க்கிறாய். ஏ வகையில் செங்குழிய மேற்பரப்பிலுள்ள வெல்லச் சங்கிலியின் நுனியிலுள்ள கலக்டோசின் 2 ஆம் காபனில் ஓர் அசற்றைல் அமினோக் கூட்டம் இருக்கிறது. பி வகையில் அதே இடத்தில் வெறும் ஐதரொட்சில் கூட்டம்தான். இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிறபொருளெதிரி எப்படிக் கண்டுகொள்கிறது என்று நீ கேட்டது நல்ல கேள்வி.

பாடநூல்கள் பூட்டையும் சாவியையும் வரைந்து காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. அது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. பிறபொருளெதிரியின் பிணையும் தளத்தின் வடிவம் வெல்லச் சங்கிலியின் எந்தப் பகுதி பிடிபடும் என்பதையே தீர்மானிக்கிறது என்ற முக்கியமான செய்தி அந்தப் படத்தில் விடுபட்டுப்போகிறது. பிறபொருளெதிரியின் பாரச் சங்கிலி, இலேசான சங்கிலி என்னும் இரு புரதச் சங்கிலிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் மும்மூன்றாக ஆறு தடங்கள் (சங்கிலி வளைந்து திரும்பும் மடிப்புகள்) சேர்ந்து அந்தத் தளத்தை அமைக்கின்றன. அவற்றின் நீளத்தையும் வளைவையும் பொறுத்து நடுவில் ஓர் ஆழமான குழி உருவாகலாம், அல்லது இருபுறமும் திறந்த ஒரு தவாளிப்பு உருவாகலாம்.

இதை மிக அழகாகக் காட்டியவர்கள் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வின் கபாட்டும் அவருடைய குழுவினரும் ஆவர். குளுக்கோசு அலகுகளாலான டெக்ஸ்ட்ரானுடன் பிணையும் இரண்டு எலிப் புரதங்களை (இரண்டும் பிறபொருளெதிரிகளே) அவர்கள் 1975 இல் ஒப்பிட்டார்கள். கிளைகளே இல்லாத நேரான டெக்ஸ்ட்ரானைச் சேர்த்தபோது அவற்றுள் ஒன்று வீழ்படிவு தந்தது, மற்றது தரவில்லை. நேரான சங்கிலியில் அந்தப் புரதம் பிடிக்கக்கூடிய நுனி ஒன்றே ஒன்றுதான் என்பதால், நுனியை மட்டும் குழிக்குள் ஏற்கும் புரதத்தால் பல சங்கிலிகளை வலையாகக் கோக்க முடியாது. தவாளிப்புள்ள புரதமோ, நம் கரையில் கரைவலைக் கயிற்றை இழுப்பவர்கள் அதன் நீளம் முழுவதும் வரிசையாகப் பிடித்து நிற்பதைப் போல, சங்கிலியின் நடுப்பகுதியில் எங்கும் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்-கதிர்ப் படம் எதுவும் கையில் இல்லாமல், வீழ்படிவு போன்ற சோதனைகளை வைத்துக்கொண்டு மூலக்கூறின் வடிவத்தை ஊகித்த அந்தத் தெளிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகும்.

குழியின் உட்புறம் 1991 இல் நன்றாகத் தெரியவந்தது. சல்மொனெல்லா பற்றீரியாவின் மேற்பரப்பு வெல்லச் சங்கிலியோடு பிணைந்த Se155-4 என்னும் பிறபொருளெதிரித் துண்டின் பளிங்கமைப்பை டேவிட் பண்டிலின் குழுவினர் வெளியிட்டார்கள். அபெக்குவோசு என்னும் வெல்லம் குழிக்குள் முழுவதுமாகப் புதைந்திருக்கிறது. சுவர்களில் திரிப்தோபன் போன்ற அரோமற்றிக் அமினோ அமிலங்களும், உள்ளே ஒழுங்காக அமர்ந்த ஒரு நீர் மூலக்கூறும் இருக்கின்றன. வெல்லம் நீரை விரும்பும் பொருள் என்றாலும், அதன் வளையத்தில் காபன்-ஐதரசன் பிணைப்புகள் வரிசைப்பட்ட ஒரு முகம் நீரை விலக்கும் இயல்புடையது. அந்த முகம்தான் அரோமற்றிக் வளையங்களின் தட்டையான பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஐதரசன் பிணைப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

கொலராப் பற்றீரியாவிலும் இதே நுணுக்கத்தைக் காணலாம். ஒகாவா, இனாபா என்னும் அதன் இரு வகைகளின் வெல்லச் சங்கிலிகளுக்கு இடையில் வேறுபடுவது, ஒகாவாவின் நுனி வெல்லத்திலுள்ள ஒரேயொரு மெதைல் கூட்டம். ஒகாவாவுக்கு எதிரான ஒரு பிறபொருளெதிரியின் பளிங்கமைப்பை ஆராய்ந்தபோது, அந்த நுனி வெல்லமே குழிக்குள் பொருந்தியிருப்பதும், மெதைல் கூட்டம் அங்கே நேரடியாகத் தொடுகையில் இருப்பதும் தெரிந்தது.

ஆனால் ஒரு தளத்தின் பிடி மட்டும் பெரும்பாலும் வலுக்குறைந்ததுதான். வெல்லத்தைச் சூழ்ந்த நீரை விலக்குவதற்கும், வளைந்து நெளியும் சங்கிலியை ஒரு நிலையில் நிறுத்துவதற்கும் சக்தி செலவாகிறது. அதனால்தான் பத்துத் தளங்கள் கொண்ட ஐ.ஜி.எம் வகைப் பிறபொருளெதிரி இங்கே இவ்வளவு பயன்படுகிறது; ஒரு தளம் விட்டாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும்.

எச்.ஐ.வி யின் மேற்பரப்பிலுள்ள மனோசு என்னும் வெல்லத்தின் கொத்துகளைப் பிடிக்கும் 2G12 என்னும் பிறபொருளெதிரி இதற்கு இன்னொரு வழியை எடுத்திருக்கிறது. அதன் இரு புயங்களும் தங்கள் பாரச் சங்கிலிகளின் மாறும் பகுதிகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு, பக்கம் பக்கமாக இறுக ஒட்டி நிற்கின்றன என்பது 2003 இல் தெரியவந்தது. அப்போது இரு வழக்கமான தளங்களுக்கு நடுவே புதியதொரு பிணையும் பரப்பும் உண்டாகிறது. குழி, தவாளிப்பு என்ற இரண்டு சொற்களுக்குள் இது அடங்காது. அடுத்த கடிதத்தில் இதன் படத்தை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா