அல்டோ 800 வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் எங்கள் வாசலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, அந்தச் சின்ன அல்டோ எப்படி?" விற்கிறவன் வாயால் குறை வராது என்று நினைப்பீர்கள். அதனால்தான் எழுத்திலேயே தருகிறோம். பிறகு சண்டைக்கு வந்தால் இதையே காட்டலாம்.

அல்டோ 800 காருக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின், 48 குதிரைவலு. வண்டியின் எடை ஏறத்தாழ 700 கிலோதான். ஆகவே பெற்றோல் குறைவாகக் குடிக்கும். இருவர் மூவராகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கோ வவுனியாச் சந்தைக்கோ போய்வர நல்ல வண்டி. ஐந்து பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டால், ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்துவதற்குள் வியர்த்துவிடும்.

அடித்தட்டுக்கும் நிலத்துக்கும் இடைவெளி 160 மில்லிமீற்றர், ரயர் 12 அங்குலம். ஆட்கள் ஏறியதும் அந்த இடைவெளியும் குறையும். மாரியில் குழி விழும் கிறவல் ஒழுங்கையில் உங்கள் வீடு இருந்தால் யோசியுங்கள். கோடையில் புழுதி; எயார் பில்டரை அடிக்கடி தட்டிப் பாருங்கள்.

மறைக்கக்கூடாத ஒன்று: கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் நடத்திய சோதனையில், காற்றுப்பை இல்லாத அல்டோ 800 பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் இரவு வீதியில் இதை நினைவில் வையுங்கள். காற்றுப்பை உள்ள வண்டி கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் பழைய வண்டிகளுக்கு வயதுக்கு மீறிய விலை ஏறியது. மீற்றர் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள். பெடல் ரப்பரின் தேய்வைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய ஒரு காரைப் புதுப் பெயின்ற் மினுமினுப்பில் நாங்களே வாங்கி ஏமாந்தோம். கால்விரிப்பைத் தூக்கினால் அடியில் துரு. பதிவுச் சான்றிதழில் உள்ள செசி (அடிச்சட்ட) இலக்கத்தையும் வண்டியில் உள்ளதையும் ஒப்பிடாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.

லீசிங்கில் எடுப்பவர்களுக்குத்தான் எங்கள் கவலை. வயற்காரருக்கு வருமானம் காலபோகத்திலும் சிறுபோகத்திலும் மட்டும்; தவணையோ மாதம் தவறாமல் வரும். குளத்தில் தண்ணீர் போதாமல் சிறுபோகம் இல்லாத ஆண்டிலும் வரும். சம்பளக்காரர் ஒருவர் வீட்டில் இல்லையென்றால், முற்பணத்தைக் கூட்டித் தவணையைக் குறையுங்கள். அல்லது அடுத்த அறுவடைவரை பொறுங்கள். நாங்கள் எங்கும் ஓடிவிடமாட்டோம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றின் செலவு வேறு.

வீட்டாரையும் உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கையும் கூட்டிவாருங்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டு ஒழுங்கைவரை ஓட்டிப் பார்ப்போம். படலை தாண்டுமுன் அடித்தட்டு உராய்ந்தால், அந்தக் காருக்கு நாங்கள் முற்பணம் வாங்கமாட்டோம்.

இப்படிக்கு,
மாங்குளம் வாகன விற்பனைக் கடையார்